கதவு எண் நாற்பத்தொன்று

“சார், முகவரி தப்பா இருக்கு.”

விசாரணை அலுவலக டைப்பிஸ்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கையெழுத்து எங்கன்னு பென்சில்ல குறிச்சிருக்கேன். அப்பாவைப் போடச் சொல்லுங்க.”

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அப்பாவின் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்துவிட்டாள். தம்பியைப் பாதுகாப்புப் படையினர் வீட்டிலிருந்து கொண்டுபோய்த் தெருமுனையில் சுட்டதை அப்பா மூன்று மணி நேரம் சொல்லியிருந்தார்.

“இங்க ‘அழைத்துச் சென்றனர்’னு இருக்கு. அப்பா ‘இழுத்துட்டுப் போனாங்க’ன்னுதானே சொன்னார்?”

“வார்த்தைக்கு வார்த்தை வம்பா?” முணுமுணுத்தபடி அதைத் திருத்தினார்.

“முகவரி?”

“அதுக்கென்ன?”

“கிடங்குத் தெரு, நாற்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கீங்க. நாங்க தண்ணித்தொட்டித் தெரு, ஏழு.”

“அது பதிவாயிடுச்சு. மாத்தணும்னா மறுபடி முதல்லேருந்து வாக்குமூலம் கொடுக்கணும்.”

“இப்ப ஒரு வார்த்தையை மாத்தினீங்களே?”

“அது வேற, இது வேற. எனக்குச் சொல்லித்தர ஏற்கெனவே அஞ்சு அதிகாரி இருக்காங்கம்மா. நீங்க ஆறாவதா?”

தம்பி போன பிறகு பயந்து இரண்டு வீடு மாறிவிட்டார்கள். போன வருடம் விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. ‘புகார்தாரர் ஆஜராகவில்லை’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். எப்படியோ மறுபடி திறக்கவைத்தாயிற்று. வாக்குமூலம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

“கடிதம் வராமப் பண்ண, படைக்காரங்க உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?”

கேட்டேவிட்டாள். பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. டைப்பிஸ்டின் காது சிவந்தது. தாள்களை அப்பா பக்கம் தள்ளினார்.

அப்பா பேனாவை எடுத்தார். “விடும்மா. இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்ல என்னால ஆகாது.”

பென்சில் குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, அவள் கிடங்குத் தெருவுக்கு நடந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் யாராயிருந்தாலும் சரி, காலில் விழுந்தாவது கேட்க வேண்டும்: எங்கள் பெயருக்குக் கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பின்னால் ஒரு ஜீப் மெதுவாக வந்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். ஜீப் தாண்டிப் போனது. அது முனை திரும்பிய பிறகே நிமிர்ந்தாள்.

நாற்பத்தொன்று. தட்டினாள்.

பனியனும் ஈரக்கையுமாகக் கதவைத் திறந்தவர், டைப்பிஸ்ட்.

“இது... உங்க வீடா?”

“முதல்ல உள்ள வாங்க.” தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “வாக்குமூலத்துல ஒரு நகல், முகவரியோட, படை முகாமுக்கும் போகுதும்மா. அதை ஆபீஸ்ல வெச்சு உங்ககிட்டச் சொல்ல முடியுமா?”

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“விசாரணைக் கடிதம் வந்தா, நானே உங்க வீட்ல கொண்டாந்து தர்றேன்,” என்றார். “கடிதம் இல்லாம வர்றவங்க இங்க வரட்டும்.”