மகனின் மாத்திரை

"மூணு வருஷமாச்சு. இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" செருப்பைக் கழற்றும்போதே சித்தி ஆரம்பித்துவிட்டாள்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கணவன்தான் மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எனக்குத் தைராய்டு ஜாஸ்தியா சுரக்குது சித்தி. அது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்காங்க."

"ஐயோ, உனக்கா? அக்கா, நீ என்கிட்ட மூச்சே விடலையே!"

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா ஊரெல்லாம் தண்டோரா போடச் சொல்றியா?" என்றாள் அம்மா.

சித்தி காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

கதவைச் சாத்திய அம்மா நேராக மருமகளிடம் வந்து, நடுங்கும் அவள் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"காலை மாத்திரை போட்டியாம்மா?"

மகன் திடுக்கிட்டான். "அம்மா, உனக்கு எப்படி...?"

"ஃபேனுக்கு அடியிலயும் இவளுக்கு வேர்த்துக் கொட்டுது, போட்ட துணியெல்லாம் தொளதொளங்குது. தைராய்டு ஜாஸ்தியானா உடம்பு இளைக்கும்; நீயோ மாசத்துக்கு ஒரு சுத்து பெருக்கிறே. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவகிட்டயே ஆள்மாறாட்டமா?"

மருமகளுக்குக் கண் கலங்கியது. "தெரிஞ்சும் ஏன் அத்தை எதுவும் கேக்கல?"

"என் பிள்ளை வாழ்நாள்ல உருப்படியா சொன்ன ஒரே பொய்ம்மா இது. அதை நானே கெடுப்பேனா?"