கூட்டாத மூன்று நாள்

"மூணு நாளா பெல்ட்டுக்கு அடியில விளக்கமாறே படலை. என்னக்கா, மகாராணி ஆயிட்டீங்களா?" என்றார் மேஸ்திரி.

கல் உடைக்கும் ஆலையில் ஜல்லியை மேலே ஏற்றும் பெல்ட் அது. சிந்துவதைக் கூட்டி அள்ளுவதுதான் அக்காவின் வேலை. இப்போது இடதுபக்கம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நாளைக்கு இன்ஜினியர் வர்றார். ஆள் விட்டு அள்ளிடுறேன்."

அக்கா குவியல் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

"உங்களை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துடுவேன்."

"தாராளமா எழுதுங்க."

மறுநாள் இன்ஜினியர் வந்ததும் மேஸ்திரி காகிதத்தை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. குவியலையே பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே பெல்ட்டைத் தாங்கும் ரோலர் ஒன்று சுற்றாமல் இறுகி நின்றது. அந்த இடத்தில் பெல்ட் இடதுபக்கம் ஒதுங்கி, ஓரம் இரும்பில் உரசி நூல்நூலாகப் பிரிந்திருந்தது.

"முதல்ல பெல்ட்டை நிறுத்துங்க. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா கிழிஞ்சு போயிருக்கும்."

பெல்ட் நின்றது. மேஸ்திரி காகிதத்தைச் சத்தமில்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்ஜினியர் அக்காவிடம் திரும்பினார். "இவ்வளவு சிந்துதுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"போன மாசமே சொன்னேன் சார். தரையைக் காட்டி, 'எங்கேம்மா சிந்துது, சுத்தமாத்தானே இருக்கு'ன்னு கேட்டீங்க."

அக்கா சாக்கை உதறி மடித்தாள்.

"தரையை நான்தான் சார் கூட்டி வச்சிருந்தேன்."