இருபத்தேழாவது ஜிம்

வந்திருந்த பெரியவர் டிரெட்மில்லுக்கு அடியில் ஆள்காட்டி விரலை விட்டு ஓர் இழுப்பு இழுத்தார். விரலில் ஒட்டிய தூசியை மேனேஜரின் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "இப்பத்தான் சார் துடைச்சாங்க…"

"பயப்படாதீங்க தம்பி. நாங்க சேரத்தான் வந்திருக்கோம்," என்றாள் கூட வந்த மனைவி. "நேத்தும் முந்தாநேத்தும் காலைல வந்தோம். அப்ப நீங்க இல்ல."

முப்பத்திரண்டு வருஷம் போல்ட் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். முடியளவு கூடினாலும் குறைந்தாலும் போல்ட் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். அங்கே அவருக்கு வைத்த பெயர் 'ரிஜக்ட் சார்'. ரிட்டயர் ஆன பிறகும் பெயர் போகவில்லை, புத்தியும் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஆறு கிலோ குறையணும். இல்லேன்னா அடுத்த தடவ இன்சுலின்தான். தினமும் நீங்களே வயித்துல குத்திக்கணும்."

ஊசி என்றால் ரிஜக்ட் சாருக்குச் சின்ன வயதிலிருந்தே உதறல். அன்றைக்கெல்லாம் சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும், காலையில் கொஞ்சம் நடக்கலாமே என்று மனைவி சொன்னதற்கு முறைத்தார்.

"போற இடம் இல்லாம சும்மா நடந்துட்டு வர எனக்கென்ன கிறுக்கா? ஜிம்ல வேணா சேர்றேன். ஆனா நான் பாத்துத்தான் சேருவேன்."

"பாருங்க. யாரு வேணாங்கறா?"

ஜிம்மில் சேர்ந்து எடையைக் குறைப்பதாக டாக்டருக்கும் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார் ரிஜக்ட் சார். அவர் பார்க்கிற பார்வை தெரிந்ததுதானே. ஒருமுறை பார்த்து முடிவெடுப்பது அவர் அகராதியிலேயே இல்லை. கம்பெனியில் மூன்று சாம்பிள் எடுத்துத்தான் பாஸா, ரிஜக்டா என்று எழுதுவார். அதனால் ஒவ்வொரு ஜிம்மையும் மூன்று நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தவறாமல் ஏதாவது நொட்டை சொன்னார். ஒன்றில் கண்ணாடி கோணல், இன்னொன்றில் பாட்டுச் சத்தம். ஒரு ஜிம்மைப் பயிற்சியாளருக்கே தொப்பை என்று தள்ளினார்.

உண்மையைச் சொன்னால், இரும்பைத் தூக்கவும் அவருக்கு இஷ்டமில்லை. தேடிக்கொண்டே இருக்கிறோம் என்று சொன்னால் டாக்டர் இன்னும் மூன்று மாதம் தவணை தரமாட்டாரா என்று ஒரு நப்பாசை. மனைவியோ அசரவே இல்லை. ஒன்று ரிஜக்ட் ஆனதும் போனைத் தடவி அடுத்ததைக் கண்டுபிடித்துவிடுவாள். அது முன்னதைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

வண்டி இருந்திருந்தால் கவலையில்லை. இரண்டரை மாதத்துக்கு முன் அவள் தம்பிதான் ஸ்கூட்டரைச் சாவியோடு கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டான். "இன்னும் பார்ட்ஸ் வரலியாம்," என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் போகலாம் என்றால், "நின்னு ஏறுற நேரத்துல நடந்தே போயிடலாங்க," என்பாள்.

"சார், மெஷின் எல்லாம் புதுசு. சேந்துடுங்க சார்," என்று மேனேஜர் கெஞ்சினார்.

ரிஜக்ட் சார் நழுவிய பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. மூணு நாளா ஏறி எறங்கறேன். இத்தன படி ஏறி வர்றவனுக்கு எதுக்குப்பா ஜிம்மு? ரிஜக்ட்."

மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படி இறங்கும்போது பேண்ட் மறுபடி நழுவியது. "இந்த பெல்ட்டும் ரிஜக்ட். தோல் நீண்டுக்கிட்டே போகுது. புதுசா மூணு ஓட்டை போட்டும் நிக்கல."

மறுநாள் டாக்டரைப் பார்க்கும் நாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரிஜக்ட் சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இருபத்தேழு ஜிம் பார்த்தாயிற்று. ஒன்றிலும் சேரவில்லை. தவணை கேட்கும் தைரியமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"டாக்டர் கேட்டா நீயே சொல்லிடு," என்றார் தணிந்த குரலில். "அந்த ஊசிய… நீ குத்திவிடுவியா? என்னால ஆகாது."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் சொல்லிக்கறேன். வாங்க."

டாக்டர் அவரை எடை மெஷினில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"ஏழு கிலோ குறைஞ்சிருக்கீங்க."

"மெஷின் தப்பு டாக்டர். ரிஜக்ட் பண்ணுங்க."

டாக்டர் தானே ஏறி நின்று பார்த்தார். "என் எடைய கரெக்டாத்தான் காட்டுது." பிறகு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டினார். "சர்க்கரையும் நல்லா எறங்கிடுச்சு. ஊசி வேண்டாம்."

ரிஜக்ட் சார் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தார். கண் கலங்கியது.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க," என்று டாக்டர் கை கொடுத்தார். "எந்த ஜிம்? நானும் சேரலாம்னு இருக்கேன்."

ரிஜக்ட் சார் திருதிருவென்று மனைவியைப் பார்த்தார். அவள் ரிப்போர்ட்டை வாங்கிக் கைப்பையில் திணித்தாள். அந்த அவசரத்தில் பைக்குள்ளிருந்து ஸ்கூட்டர் சாவி மேஜைமேல் விழுந்தது. அவள் பதறவில்லை. நிதானமாக எடுத்து உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இன்னும் எதுலயும் சேரல டாக்டர். தினமும் நடந்து போய்ப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."