கழுத்துல தொங்குன அட்டை

சத்தியமாங்க, இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

டாக்டருங்க மாநாட்டுல சர்ஜன் தணிகைவேல் கழுத்துல தொங்குன பேர் அட்டைக்கு, அவருமேல கொள்ளைப் பிரியம். கைநடுக்க மருந்து விக்கிற ஸ்டால்ல, நடுங்குற கையை பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சுக்கிட்டு அவரு அரைமணி நேரம் நின்னது அதுக்கு மட்டுந்தான் தெரியும்.

"யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்க்கா"ன்னு மண்டபத்து வாசக்கதவுகிட்ட அந்த அட்டை பெருமையடிச்சுது.

கதவு சிரிச்சுது. "நீ எதுக்குடி மூச்சு விடணும்? உன் வயித்துல ஒட்டுன கம்ப்யூட்டர் சில்லு, எந்த ஸ்டால்ல எவ்ளோ நேரம் நின்னாருன்னு மருந்துக் கம்பெனிக்கு அப்பவே ஒப்பிச்சிருச்சு. 'உங்க சர்ஜன் கைநடுக்கத்துக்கு மருந்து அனுப்பவா'ன்னு கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாச்சு."

அப்பத்தான் தணிகைவேலுக்கு ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. "இனிமே ஆபரேஷன் பண்ண வராதீங்க சார்."

அவரு அட்டையைக் கழட்டிக் குப்பைக்கூடையில போட்டாரு. "நான் சொல்லல சார்!"னு அது கதறுனது அவருக்குக் கேக்கவே இல்ல.

கதை அவ்ளோதான். கதை கேட்டதுக்கு எனக்கு ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுங்க. நைசா நழுவுறது யாருன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்!