நெடுங்கரிப் பாசி

"அப்பச்சன் இருக்காரு, டாக்டரம்மா இருக்காங்க, நான் இருக்கேன். மூணு பேர் முன்னால சொல்லுங்க சாக்கோ சித்தப்பா. எங்க குளத்துல கை வச்சது நீங்கதானே?"

குரியாக்கோஸ் கேட்டான். சாக்கோ படகிலிருந்து இறங்கிய ஈரக்காலோடு முற்றத்தில் நின்றான்.

குரியாக்கோஸின் அப்பா ஈப்பன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மஞ்சள்காமாலையில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். தோள்துண்டை மடியில் போட்டு இரு கைகளையும் அதற்குள் வைத்திருந்தார். சாக்கோ அவருடைய சித்தப்பா மகன். பாகம் பிரிந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இரண்டு குளங்களுக்கும் நடுவே ஒரு வரப்பு மட்டும் இருந்தது.

சுற்றிலும் கரிமண் நிலம். கோடை வந்தால் தண்ணீர் புளித்து மீன் செத்து மிதக்கும். புளிப்பை முறிக்க எல்லாரும் சுண்ணாம்பு போடுவார்கள். இவர்கள் நெடுங்கரிக் குடும்பத்துக் குளங்கள் மட்டும் சுண்ணாம்பு கேட்டதில்லை என்று பேர். சம்பந்தம் பேச வருகிறவர்களைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு மடக்கு வாய் கொப்பளித்துப் பார்க்கச் சொல்வது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"கண்டுபிடிச்சதைச் சொல்லுங்க," என்றார் ஈப்பன், கொச்சியிலிருந்து வந்திருந்த பாசி ஆராய்ச்சியாளர் டாக்டர் விலாசினியிடம்.

"போன மாசம் உங்க மகன் கூப்பிட்டு வந்தேன். அப்ப மைக்ராஸ்கோப்புல பார்த்தா இந்தக் குளத்துப் பாசி ஒவ்வொண்ணும் உருண்டையா, உப்பி, பட்டாணி மாதிரி இருந்தது. யாரும் பார்க்காத ஜாதின்னு நினைச்சு, உங்க வீட்டுப் பேரையே வைக்கலாம்னு சொன்னேன். இன்னைக்கு எடுத்தா எல்லாம் பிறை மாதிரி மெலிஞ்சு, ரெண்டு முனையும் கூரா இருக்கு. எல்லா ஊர்லயும் இருக்கற பாசிதான். என் பாட்டில்ல இருந்த உருண்டையையும் நல்ல தண்ணியில வளர்த்துப் பார்த்துட்டேன். அதோட வாரிசெல்லாம் பிறைதான். தண்ணி புளிச்சா உப்பி உருளும், புளிப்பு போனா மெலியும். அவ்வளவுதான்."

"எங்க தண்ணி புளிக்காது," என்றார் ஈப்பன்.

"போன மாசம் புளிச்சிருந்தது, நான் அளந்தேன். இப்ப யாரோ சுண்ணாம்பு போட்டிருக்காங்க. படியில வெள்ளையாப் படிஞ்சிருக்கு."

குரியாக்கோஸ் சாக்கோவிடம் திரும்பினான். "உங்க ஷெட்ல ரப்பர் ஷீட் அடிக்கற ஆசிட் கேன் கேனா இருக்கு. அப்பச்சன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஊத்தினீங்க. வீட்டுப் பேர் புஸ்தகத்துல ஏறப்போகுதுன்னதும், ஞாயித்துக்கிழமை நாங்க சர்ச்சுக்குப் போன நேரமாப் பார்த்து சுண்ணாம்பைக் கொட்டி அதையும் கெடுத்தீங்க. அப்பச்சன் அசந்து படுத்திருந்தாரு, இல்லேன்னா பிடிச்சிருப்பாரு."

சாக்கோ சிரித்தான். "நோயும் நானே குடுத்து, மருந்தும் நானே போட்டேனா? நல்ல வைத்தியன்டா நான்."

"போலீஸ் கேட்டா சிரிப்பு நிக்கும்."

"போலீஸ் வேண்டாம். இந்தப் படியில போலீஸ் ஏறினதில்ல," என்றார் ஈப்பன்.

"அப்ப நம்ம தண்ணி தானாப் புளிச்சுதுன்னு ஊர் பேசட்டுமா அப்பச்சா? அடுத்த வாரம் தங்கச்சியைப் பார்க்க ஆள் வர்றாங்க. புளிச்ச தண்ணி வீடுன்னு படகைத் திருப்பிட்டுப் போயிடுவாங்க."

துண்டுக்குள் ஈப்பனின் கைகள் அசைந்தன. சாக்கோ அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான். பொறாமையில ஆசிட் ஊத்தினேன். அப்புறம் பயந்து சுண்ணாம்பும் போட்டேன். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ."

சண்டைக்குத் தயாராக நின்ற குரியாக்கோஸ், "வெக்கமா இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்கு நல்லதுதான் நடந்தது," என்று விலாசினி பையை எடுத்துக்கொண்டாள். "பழைய பாசிக்குப் புதுப் பேர் வச்சிருந்தா என்னைப் பார்த்துத்தான் சிரிச்சிருப்பாங்க."

குரியாக்கோஸ் அவளைப் படகில் ஏற்றிவிடப் போனான்.

சாக்கோ அருகே வந்து ஈப்பனின் மடித்துண்டை விலக்கினான். இரண்டு உள்ளங்கைகளும் வெந்து தோல் உரிந்திருந்தன.

"சுண்ணாம்பைத் தென்னம்பாளையால அள்ளிப் போடாம, வெறுங்கையாலயா போட்டீங்க அச்சாயா?"

"ஆஸ்பத்திரியில கிடந்ததுல இந்த வருஷம் தள்ளிப்போச்சு. பாளை தேட நேரம் இல்லடா. அவங்க சர்ச்லேருந்து வர்றதுக்குள்ள முடிக்கணும்ல." ஈப்பன் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "நீ ஏன்டா ஒத்துக்கிட்டே?"

"உங்க குளம் புளிப்புன்னா என் குளம் இனிப்புன்னு எவன் நம்புவான்? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

நெடுங்கரிக் குளத்தை அந்த வருடம் சாக்கோதான் கெடுத்தான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது தவறு: அந்தக் குளம் என்றைக்குமே புளிக்கிற குளம்தான், வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் சர்ச்சுக்குப் போன பிறகு வரப்புக்கு இந்தப் பக்கம் ஈப்பனும் அந்தப் பக்கம் சாக்கோவும், அவர்களுக்கு முன் அவர்களுடைய அப்பன்மாரும், சுண்ணாம்பு போட்டு வந்தார்கள்.