மூத்தவள் முகம்

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு ராதாமணி ஸ்டூல் மேல் ஏறினாள்.

அவள் புருஷன் மாதவன் பெயிண்ட் கையைக் கழுவப் பம்புசெட்டுக்குப் போயிருந்தான். அவள் கொண்டுவந்த தூக்குவாளி கோயில் நடையில் திறக்காமல் இருந்தது.

சுவர் முழுக்க அம்மன். அவளுக்குப் பின்னால் வெடித்த பருத்தி, மேலே மழைக்கு இருட்டிய வானம். காலடியில் கரிசலையே கரைத்துப் பூசியிருந்தான். அது காய்ந்து, மானாவாரிக் காடு மாதிரியே பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது.

முகத்தை இன்றைக்குத்தான் முடித்தான். கோவில்பட்டியில் வாங்கிவந்த எனாமல் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

யார் முகம் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாதவனின் மூத்த தாரம், செத்துப்போன வள்ளிமயில்.

கடம்பூர்ப் பக்கத்துக் கோயிலில் மீனாட்சிக்கு இதே கண்கள். எட்டயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் லட்சுமிக்கு இதே நெற்றி. எந்தச் சாமியை வரைந்தாலும் அவள்தான் வந்தாள். இவனோடு குப்பை கொட்டுகிறவளின் சாயல், விசிறி பிடிக்கும் தோழிக்குக்கூட வரவில்லை.

ஒருநாள் வாய்விட்டே கேட்டாள், தன்னையும் ஒரு படம் வரையச் சொல்லி. நீதான் கண்ணு முன்னாலேயே இருக்கியே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று சோறு கொண்டுவந்ததும் அவன் வேறொன்று சொன்னான். ஆடு பத்திக்கொண்டு வந்த சீனி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்த முகத்தைக் கும்பிட்டுப் போனானாம். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

இனி ஊரே இவளைக் கும்பிடும். தானும் விளக்கேற்றி நிற்க வேண்டும்.

துணியை அம்மன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

கிட்டத்தில் பார்த்ததும் கை நின்றது.

அதற்குள் மாதவன் வந்துவிட்டான். துணியைப் பார்த்தான்.

"அழிக்கணும்னா அழிச்சிரு. முன்ன மாதிரி அவ மொகம் நெனப்புக்கு வரமாட்டேங்கு" என்றான்.

இந்த வார்த்தைக்குத்தான் அவள் இத்தனை நாள் ஏங்கியிருந்தாள். ஆனால் கேட்டதும் மறுபடி அந்த முகத்தின் பக்கம் திரும்பினாள்.

துணி நுனியை விரலில் சுற்றி, சிரிக்கிற உதட்டோரம் எட்டிப் பார்த்த ஒரு பல்லை மட்டும் துடைத்தாள்.

"எங்க அக்காவுக்குத் தெத்துப்பல் வலப்பக்கம்லா, அத்தான்" என்று சொல்லி, பிரஷ்ஷுக்குக் கை நீட்டினாள்.