மச்சான் மறந்த பெயர்

“இன்னும் சாகலையா?” என்று கேட்டாள் மனைவி.

“இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இன்னிக்குப் போயிடும்” என்றார் நாற்காலிக்காரர். கண் மடிக்கணினித் திரையை விட்டு அசையவில்லை. பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

இழுத்துக்கொண்டு கிடந்தது மனிதர் அல்ல, ஓர் இணைய முகவரி. காலாவதியான முகவரி அன்றைக்கே செத்துவிடாது. பழைய சொந்தக்காரர் பணம் கட்டி மீட்டுக்கொள்வாரா என்று சில வாரங்கள் ஐ.சி.யு.வில் வைத்துப் பார்ப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் பொதுவில் விட்டுவிடுவார்கள். முதலில் பாய்கிறவனுக்குச் சொந்தம்.

எட்டிப் பார்க்காத சொந்தக்காரர் வேறு யாருமில்லை, அவருடைய மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

இருவரும் சேர்ந்துதான் அலுவலக நாற்காலி செய்யும் கம்பெனியை ஆரம்பித்தார்கள். பெயர் வைத்தது நாற்காலிக்காரர். முதல் நாற்காலியை முடுக்கி, அதிலேயே உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றியபோது தோன்றிய பெயர் அது; இணைய முகவரியும் அதே பெயரில்தான். போன வருடம், நாற்காலியைத் தாங்கி ஏற்றி இறக்கும் கேஸ் குழாயை மலிவு விலையில் எங்கிருந்தோ வாங்கலாம் என்றார் மச்சான். கூடவே கூடாது என்றார் இவர். சண்டை முற்றி மச்சான் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் ஆணி மாதிரி நின்றது.

“மாப்பிள்ளை, நீங்க ஸ்க்ரூ முடுக்கற ஆளு. கடை, பேரு, வெப்சைட்டு எல்லாம் என் பேர்ல இருக்கு. கெளம்புங்க.”

கிளம்பினார். வீட்டுக்குக் கீழேயே பட்டறை போட்டு, புதுப் பெயரில் தொழில் தொடங்கினார். அந்தப் பெயர் ஒருவர் மனதிலும் ஒட்டவில்லை. போனை எடுத்தால் அவருக்கே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஒவ்வொரு கணமும் வயிற்றெரிச்சலாகச் சேர்ந்து, இப்போது விரல் நுனியில் வந்து நின்றது.

“அண்ணன் மறந்திருப்பாருங்க. ஒரு வார்த்தை சொல்லிடலாமே” என்று இழுத்தாள் மனைவி.

“தாராளமா சொல்லு. போன் போடு.”

போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது இயந்திரக் குரல். புது எண் அவளிடம் இல்லை. அண்ணியிடம் கேட்டதற்கு, அண்ணன் இப்போது யாருக்கும் எண் தருவதில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

“பாத்தியா திமிர? கூடப் பொறந்தவளுக்கே நம்பர் கிடையாது. ஊருக்கே பெரிய மனுஷன் ஆயிட்டாரு.”

அவள் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மதியத்துக்குள் அந்த முகவரி உயிரை விட்டது. நாற்காலிக்காரர் பாய்ந்தார். வங்கியிலிருந்து ரகசிய எண் வர இரண்டு நிமிடம் தாமதமானது. அதற்குள் வங்கியைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டி முடித்தார். பிறகு திரையில் ‘வாழ்த்துகள்’ என்று வந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. தான் பெற்ற பிள்ளையைத் தானே காசு கொடுத்து வாங்கினால் யாருக்குத்தான் வராது?

சாயங்காலத்துக்குள் இணையதளம் தயார். நாற்காலியில் கால் மேல் கால் போட்ட தன் படத்தைப் போட்டார். ‘நிறுவனர்’ என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். வெப்சைட் செய்து தந்த பெண் போதுமா சார் என்று கேட்டதற்கு, இன்னும் பெரிதாக என்றார்.

மச்சானுக்குத் துரும்பளவு பெருமையும் போய்ச் சேரக்கூடாது என்பதால் ஒரு வரியைத் தன் கையாலேயே தட்டினார்: ‘ஆரம்ப நாள் முதல் இன்று வரை இந்தப் பெயரில் வெளிவந்த ஒவ்வொரு நாற்காலியும் என்னுடையது.’ அதன் கீழே கைப்பேசி எண். அதன் கீழே முகவரி.

“வீட்டு அட்ரஸ் எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“ஒளிஞ்சு மறைஞ்சு வாழ நான் என்ன உங்க அண்ணனா?”

மறுநாள் காலை பல் துலக்குவதற்குள் போன் அடித்தது. வாய் நுரையைத் துப்பிவிட்டு, மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். வயதான குரல், ரொம்ப மரியாதையான குரல். இணையதளத்தைப் பார்த்ததாகவும், இத்தனை நாளாகக் கம்பெனிக்காரர் யாரையுமே பிடிக்க முடியவில்லை என்றும் சொன்னது.

“நிறுவனர்னு போட்டிருக்கே, அது நீங்கதானுங்களா?”

நாற்காலிக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து, பிடியை இழுத்து, தன்னை நாலு அங்குலம் உயர்த்திக்கொண்டார்.

“நானேதான். நடுவுல ஒருத்தன் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அதை மறந்துடுங்க.”

“அப்ப போன வருஷம் வித்ததும் உங்க நாற்காலிதானா?”

பல்லைக் கடித்தார். அதைக்கூட அந்த ஆளுக்கு விட்டுத் தருவதா?

“ஒண்ணு விடாம எல்லாமே என்னோடதுதான். எங்க வேணாலும் வந்து சொல்வேன்.”

மறுமுனையில் யாரோ பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. அதே சத்தம் ஜன்னல் வழியாகவும் கேட்டது.

“நீங்க எங்கயும் வர வேணாங்க, கீழ கதவை மட்டும் தெறங்க; அந்த நாற்காலியில உக்காந்து விழுந்தவங்க எல்லாரும் வந்திருக்கோம்.”